ரிப்பன் முடிச்சும் ஒரு மூட்டை கேரட்டும்

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ரொட்டியின் மேல் கை வைத்துச் சொல்லப்படுகிறது. பொய் சொன்னால் ரொட்டி அடிக்கும் என்பது மார்கிலான் ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ரொட்டி இதோ பக்கத்திலேயே இருக்கிறது. அடுப்பிலிருந்து எடுத்த சூடுகூட ஆறவில்லை. இதுவரை அது யாரையும் அடிக்கவில்லை.

மார்கிலானில் தோல்சோர் தெரு என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் மண் சுவர்கள். ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் ஒரு முற்றம். ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு மல்பெரி மரம். ஊசியில் நூல் கோத்ததுபோல, எல்லா முற்றங்களையும் கோத்துக்கொண்டு ஒரு வாய்க்கால் ஓடும். ஒரு சுவரின் அடியில் நுழையும், மறு சுவரின் அடியில் வெளியேறும். ஒரு வீட்டு மரத்திலிருந்து தண்ணீரில் விழுந்த ஆப்பிளை அடுத்த வீட்டுப் பிள்ளை கடித்துக்கொண்டிருக்கும். அதற்காக யாரும் சண்டைக்குப் போனதில்லை. நம் வீட்டுக்கும் யாராவது ஆப்பிள் அனுப்பாமலா போவார்கள் என்று இருந்துவிடுவார்கள்.

பருத்தி எடுத்து முடிந்த கையோடு தெருவில் கல்யாணங்கள் தொடங்கிவிடும். அந்த ஆண்டு முதல் கல்யாணம் ஹுல்கரின் வீட்டில். அவளுடைய அண்ணன் ஸோஹித்துதான் மாப்பிள்ளை.

ஹுல்கருக்குப் பத்து வயது. இரட்டைச் சடை. இரண்டிலும் முயல் காது மாதிரி வெள்ளை ரிப்பன். அந்த ரிப்பனை அவளே கட்டிக்கொள்வாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அந்தப் பெருமையால் என்ன ஆயிற்று என்பது பின்னால் வரும்.

கல்யாண விருந்து அங்கே விடிகாலையில் நடக்கும். பெரிய அண்டாவில் ஆட்டுக்கறி, அரிசி, மலை மாதிரி கேரட் எல்லாம் போட்டுச் சமைக்கும் ஓஷ்தான் விருந்து. அந்தக் கேரட்டை நறுக்க, முந்தின நாள் பிற்பகலில் தெரு முழுக்க அவரவர் கத்தியோடு வந்துவிடும். கூலி கிடையாது. தேநீரும் பேச்சும்தான் கூலி. கல்யாணத்துக்குக் கூப்பிட மறந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். கேரட் நறுக்கக் கூப்பிட மறந்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை பேச மாட்டார்கள்.

தோல்சோர்க்காரர்கள் நறுக்கும் கேரட் அவ்வளவு மெல்லிசாக இருக்கும். மஸ்தூரா அத்தை ஒருமுறை நூல் என்று நினைத்து அதில் ஒன்றை ஊசியில் கோத்து, புருஷன் சட்டைக்குப் பொத்தான் தைத்துவிட்டாள். பொத்தான் குளிர்காலம் முழுக்கத் தாங்கியது. வசந்தத்தில்தான் ஆடு வந்து சட்டையோடு தின்றது.

ஒரே ஒருவர்தான் அப்படி நறுக்க மாட்டார். யோல்சி மாமா. அவர் தச்சர். மரம் அறுத்துப் பழகிய கை, கேரட்டையும் அப்படியே அறுக்கும். ஒவ்வொரு துண்டும் விரல் தடிமன் இருக்கும். இரண்டு கல்யாண காலத்துக்கு முன்னால், இப்படி ஒரு கூட்டத்தில் ஹுல்கரின் அப்பா துர்குன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"யோல்சி நறுக்கினத தனியா எடுத்து வைங்கப்பா. வீட்டுக்கு உத்தரம் போட ஆகும்."

எல்லாரும் சிரித்தார்கள். சமையல்காரர் ஹைதராலி சிரித்த சிரிப்பில் அவர் குல்லா அண்டாவுக்குள் விழுந்தது. அந்தக் கல்யாணத்து ஓஷ் வழக்கத்தைவிட ருசி என்று எல்லாரும் சொன்னார்கள். யோல்சி மாமா மட்டும் சிரிக்கவில்லை. கத்தியைத் துடைத்து உறையில் போட்டார், எழுந்து போய்விட்டார்.

அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்துக்கு யார் வந்து கேரட் நறுக்கக் கூப்பிட்டாலும் அவருக்குப் பல்வலி வந்துவிடும். அவர் வாயில் ஒரு பல்கூட இல்லை என்பது வேறு விஷயம்.

ஹுல்கருக்கு அவரைப் பிடிக்கும். இழைப்புளி சீவிய மரச்சுருள்களில் நல்லதாகப் பார்த்து அவளுக்கென்று எடுத்து வைப்பார். அவள் அவற்றைக் காதில் மாட்டிக்கொண்டு கம்மல் என்பாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் வண்டி நிறையக் கேரட் வந்து இறங்கியது. ஒரு வாரமாக மழை. வயலின் பாதி மண் கேரட்டோடு வந்திருந்தது. அதுவும் சும்மா மண் இல்லை. வண்டிக்குப் பின்னால் சிந்திய சேற்றில் எதிர்வீட்டுச் சேவல் கால் வைத்தது. எடுக்க முடியவில்லை. அது வசந்தம்வரை அந்த இடத்தில் நின்றபடியே கூவியது. தெருக்காரர்கள் இரை போட அங்கேயே வந்து போனார்கள்.

எந்தக் கல்யாணமானாலும் ஹுல்கர் வயசுப் பெண்களுக்குக் கிடைக்கிற வேலை கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான். இந்தத் தடவை அவள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சொந்த அண்ணன் கல்யாணம், கேரட்டை நான்தான் கழுவுவேன் என்று மூன்று நாளாக அம்மாவின் பின்னாலேயே நடந்தாள். அம்மா ஓய்தினுக்கு அன்று ஆயிரம் வேலை. கடைசியில் சரி என்று சொல்லிவிட்டாள்.

"கழுவறது விளையாட்டு இல்லடி," என்றாள் அம்மா. "நாளைக்கு யாராவது ஒருத்தர் பல்லுல மண்ணு கடிபட்டா போதும். துர்குன் வீட்டுக் கல்யாணத்துல மண்ணு போட்டாங்கன்னு நீ கிழவியாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாங்க. உங்கப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் தெருவுல நடக்கணும்."

"ஒரு மண்ணுகூட இருக்காதும்மா," என்றாள் ஹுல்கர்.

அம்மா மணப்பெண் வீட்டுக்குத் தட்டு கொண்டு போனாள். அப்பாவும் அண்ணனும் அண்டா இரவல் வாங்கப் போனார்கள். முற்றத்தில் ஹுல்கரும் கேரட் மலையும் மட்டும் இருந்தார்கள்.

வாய்க்காலில் மண் கழுவும்முன் கீழ்வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தேநீரில் சேறு வரும். ஹுல்கர் சுவரோரம் நின்று குரல் கொடுத்தாள்.

"மஸ்தூரா அத்தை, கேரட் கழுவப்போறோம். தண்ணி எடுக்காதீங்க."

மஸ்தூரா அத்தை அதை அடுத்த வீட்டு நாவிதர் நோசிருக்குச் சொன்னாள். நோசிர் அதற்கடுத்த வீட்டு யோல்சி மாமாவுக்குச் சொன்னார். செய்தி தண்ணீரை முந்திக்கொண்டு போனது.

ஹுல்கர் வேலையைத் தொடங்கினாள். முதலில் இரண்டு கேரட்டை எடுத்து ஒன்றோடொன்று தட்ட வேண்டும். காய்ந்த மண் உதிரும். பிறகு செப்புத் தாம்பாளத்தில் ஊறப்போட வேண்டும். பிறகு கோணித் துண்டால் தலையிலிருந்து வால்வரை ஒரே இழுப்பாகத் தேய்க்க வேண்டும். கடைசியில் வாய்க்காலில் ஓர் அலசல். சேற்றுக்குள்ளிருந்து மஞ்சளும் சிவப்புமாகக் கேரட் வெளியே வரும்போது, ஈர மண்ணும் இனிப்பும் கலந்து ஒரு வாசனை எழும். அந்த வாசனை தெரிந்தவர்களுக்கு அதைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை வயதானாலும் மூக்கு அதை மறக்காது.

ஒன்று மட்டும் தேய்க்கத் தேய்க்கக் கரைந்துகொண்டே போனது. கடைசியில் பார்த்தால் அது கேரட்டே இல்லை. வெறும் மண்கட்டி.

வெயில் உச்சிக்கு வந்தது. விரல்கள் குளிரில் மரத்துப்போயின. கேரட் மலை மட்டும் கொஞ்சம்கூடக் குறைந்த மாதிரி தெரியவில்லை.

அப்போதுதான் ஹுல்கர் சுவரில் தொங்கிய கோணிப்பையைப் பார்த்தாள். பருத்தி அடைக்கிற பை. ஆளே உள்ளே படுக்கலாம். பருத்தி வேலை முடிந்து அது சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் இவ்வளவு அவசரமாக ஓடுகிறது, கூட ஒரு வேலையும் செய்துவிட்டுப் போகட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது.

கேரட்டையெல்லாம் கோணியில் அடைத்தாள். கோணியை உருட்டி வாய்க்காலில் தள்ளினாள். ஒரு கயிற்றால் அதை மல்பெரி மரத்தில் கட்டினாள். ஓடும் தண்ணீர் கோணியைக் குலுக்கியது. கேரட்டுகள் உள்ளே ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டன. சேறு காபிப் பொடி மாதிரி கலங்கிக் கலங்கி வெளியே போனது. பிறகு தண்ணீர் தெளிந்தது. ஹுல்கர் மரத்தடியில் உட்கார்ந்து, அம்மா வந்து இதைப் பார்த்ததும் என்ன சொல்வாள் என்று யோசித்து, அம்மாவின் பதிலையும் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசித்ததில் நேரம் போனது தெரியவில்லை.

அவள் கட்டியது ரிப்பன் முடிச்சு. அவளுக்குத் தெரிந்த ஒரே முடிச்சு அதுதான். இரண்டு காது வைத்து, மரத்தைச் சுற்றி, பார்க்க மிக அழகாக இருந்தது. ரிப்பன் முடிச்சின் சிறப்பே, ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும் என்பதுதான். வாய்க்கால் ஒரு முனையை இழுத்தது.

ஹுல்கர் திரும்பிப் பார்த்தபோது கோணி சுவரின் அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தது. அவள் ஓடிப் பிடிப்பதற்குள் ஏதோ கல்லில் மாட்டி, சர்ரென்று கிழிந்தது. அண்ணன் கல்யாணத்துக் கேரட் மொத்தமும் மஸ்தூரா அத்தை வீட்டுக்குள் போனது.

அடுத்த சந்தை வியாழக்கிழமை. கல்யாணம் நாளைக் காலை. ஹுல்கருக்கு அழக்கூட நேரம் இல்லை. வாசலைத் தாண்டி ஓடினாள்.

மஸ்தூரா அத்தை வாய்க்கால் கரையில் இடுப்பில் கட்டிய சமையல் துணியை விரித்துப் பிடித்து நின்றாள். முகத்தில் அப்படியொரு பக்தி.

"கடவுள்கிட்ட சூப்புக்கு ரெண்டே ரெண்டு கேரட்டுதான் கேட்டேன் கண்ணு," என்றாள். "அவரு கொடுக்கறத நிறுத்தவே மாட்டேங்கிறாரு."

அது கடவுள் இல்லை, நான்தான் என்று ஹுல்கர் மூச்சு வாங்கச் சொன்னாள். அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் பிடித்ததையெல்லாம் கூடையில் போட்டுக்கொடுத்தாள். இரண்டு மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் கேட்டது அவ்வளவுதானே.

அடுத்தது நாவிதர் நோசிரின் வீடு. அங்கே வாய்க்காலில் வாத்துகள் வரிசையாக, ஆளுக்கொரு கேரட்டை வாயில் வைத்துக்கொண்டு, தேநீர்க்கடைப் பெரியவர்கள் சுருட்டுப் பிடிக்கிற மாதிரி நின்றன. நோசிர் கத்தியும் கையுமாக அவற்றைத் துரத்தினார். பாதித் தாடி மழித்திருந்த வாடிக்கையாளரும் சோப்பு நுரையோடு கூடவே ஓடினார். எல்லாம் மீட்டு முடிப்பதற்குள் மீதித் தாடியை மழிக்க எல்லாருக்கும் மறந்துவிட்டது. அவர் கல்யாணத்துக்கும் அந்தப் பாதித் தாடியோடுதான் வந்தார். பார்த்தவர்களுக்கு அது பிடித்துப்போய், அந்தக் குளிர்காலம் மார்கிலானில் பாதிப்பேர் அப்படித்தான் திரிந்தார்கள்.

கிடைத்தது கொஞ்சம்தான். பெரும்பகுதி இன்னும் கீழே போயிருந்தது.

யோல்சி மாமாவின் கதவு திறந்தே இருந்தது. வாத்துக்குஞ்சுகள் அடித்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று, தண்ணீர் வெளியேறும் சுவரடியில் அவர் ஒரு இரும்புக் கம்பி வலை வைத்திருந்தார். கேரட்டெல்லாம் அதில் வந்து அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் வழியில்லாமல் முற்றத்தில் ஏறிவிட்டது. யோல்சி மாமா முழங்கால் தண்ணீரில் நின்று, ஒரு அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு கேரட்டாக எடுத்துக் கத்தியின் முதுகால் சுரண்டி, நீளம் பார்த்துப் பலகையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் மரக்கட்டை அடுக்கும் விதமே அதுதான்.

"வா," என்றார். "உங்க வீட்டுக் கேரட்டா?"

"ஆமாம் மாமா."

"உங்கப்பா அனுப்பினாரா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஹுல்கருக்கு ஒரு நொடி தோன்றியது. சொன்னால் மாமா சந்தோஷப்படுவார் என்பது அவர் கேட்ட விதத்திலேயே தெரிந்தது.

"இல்ல மாமா. நான் ரிப்பன் முடிச்சு போட்டேன். அவுந்துருச்சு."

யோல்சி மாமா அவள் சடையைப் பார்த்தார். "தலைக்குச் சரிதான்," என்றார். "மூட்டைக்கு ஆகாது."

தள்ளுவண்டியைக் கொண்டுவந்து கேரட்டை ஏற்றினார். அப்போது ஹுல்கர் சன்னலோரம் தீட்டுக்கல்லைப் பார்த்தாள். கல் ஈரமாக இருந்தது. பக்கத்தில் காய்கறிக் கத்தியின் உறை காலியாகக் கிடந்தது. அந்தக் கத்திதான் மாமாவின் கையில் இருந்தது. கேரட் வருவதற்கு முன்பே தீட்டி முடித்திருக்க வேண்டும்.

"கத்தி எதுக்கு மாமா தீட்டினீங்க?"

"சும்மா. துருப் பிடிக்குது."

"இன்னைக்கு எங்க வீட்ல எல்லாரும் நறுக்க வருவாங்க. நீங்களும் வாங்க மாமா."

"பல்வலி," என்றார் யோல்சி மாமா.

வண்டியை அவரே தள்ளிக்கொண்டு ஹுல்கரின் வாசல்வரை வந்தார். வாசற்படிக்கு முன்னால் நிறுத்தினார். உள்ளே முற்றத்தில் பலகைகள் போட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஒரு கணம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

உள்ளே எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பா, அம்மா, அண்ணன், மஸ்தூரா அத்தை, நோசிர், பாதித் தாடிக்காரர், தெருவின் மற்ற கத்திகள் எல்லாம். கேரட் பளபளவென்று இருந்தது. அம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, மண்ணே இல்லை என்று தலையாட்டினாள். ஹுல்கருக்கு மூச்சு திரும்பி வந்தது.

அப்புறம் சமையல்காரர் ஹைதராலி வந்தார். அவர் அண்டா எவ்வளவு பெரியது என்றால், ஒருமுறை அரிசி கிளற இறங்கிய உதவியாள் மறுபக்கம் கரையேறும்போது அவனுக்கு மீசை முளைத்திருந்தது. அப்பேர்ப்பட்டவர் ஒரு கேரட்டை எடுத்து இரண்டு விரலால் அழுத்தினார். பட்டென்று முறிந்தது. இன்னொன்று எடுத்து மெல்லிசாக ஒரு சீவல் சீவினார். அது கத்தியிலேயே பொடிப்பொடியாக உடைந்தது.

"இது தண்ணி குடிச்ச கேரட்டு," என்றார். "ரொம்ப நேரம் தண்ணில கிடந்திருக்கு. இத நூலா நறுக்கினா நொறுங்கிடும். அண்டாவுல போட்டா கஞ்சி. நாளைக்கு நான் கஞ்சி காய்ச்ச வரல, துர்குன். வேற கேரட்டு பாரு."

வேறு கேரட் எங்கே பார்ப்பது? அப்பா பார்வையைத் தரையில் வைத்திருந்தார். அண்ணன் ஸோஹித் புதுக் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான்.

ஹுல்கர் எல்லாவற்றையும் சொன்னாள். கோணி, முடிச்சு, வாத்து, எல்லாம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

அவள் கையில் ஹைதராலி முறித்த கேரட் இருந்தது. முறிந்த இடத்தைப் பார்த்தாள். உள்ளே மஞ்சளாக, இறுக்கமாக, நன்றாகத்தான் இருந்தது. மெல்லிசாகச் சீவினால்தானே பொடிகிறது?

"ஹைதராலி மாமா," என்றாள். "தடிமனா நறுக்கினா?"

சமையல்காரர் மீசையைத் தடவினார். இன்னொரு கேரட்டை முறித்துக் கடித்தார். மென்றுகொண்டே வானத்தைப் பார்த்தார்.

"விரல் தடிமன்னா தாங்கும்," என்றார். "கரையாது. ஆனா எல்லாத் துண்டும் ஒரே அளவா இருக்கணும். இல்லன்னா ஒண்ணு வேகும், ஒண்ணு வேகாது. இந்தத் தெருவுல யாருக்கு அந்தக் கை இருக்கு?"

நோசிர் தன்னால் முடியும் என்றார். தடிமனாக நறுக்குகிறேன் என்று சொல்லி வைத்த கத்தி, பழக்கத்தில் தானாக நூல் இழுத்தது. மஸ்தூரா அத்தை கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப் பார்த்தாள். அப்போதும் நூல்தான். அதுவும் நொறுங்கிய நூல். ஆளாளுக்கு முயன்று பார்த்து, ஆளாளுக்குத் தங்கள் கையையே திட்டினார்கள்.

ஹுல்கர் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "நமக்கு உத்தரம் வேணும்."

அப்பா அவளைப் பார்த்தார். முற்றமே அப்பாவைப் பார்த்தது. அவர் காது இரண்டும் சிவந்தன. அன்றைக்கு அவ்வளவு சத்தமாகச் சிரித்த ஹைதராலி இப்போது அண்டாவில் ஏதோ ஓட்டை இருக்கிறதா என்று குனிந்து தேடினார்.

"யாரையாவது அனுப்பிக் கூப்பிடலாம்," என்றார் அப்பா.

"அனுப்பினா பல்வலி வந்துரும்பா."

அப்பா எழுந்தார். குல்லாவைச் சரிசெய்துகொண்டு நடந்தார். ஹுல்கர் பின்னாலேயே போனாள்.

யோல்சி மாமா கதவைத் திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இருவரும் வாசலில் இருந்த பூனையைப் பார்த்தார்கள்.

"பல்வலி எப்படி இருக்கு யோல்சி?" என்றார் அப்பா.

"இருக்கு."

பூனை எழுந்து போய்விட்டது. இப்போது பார்க்க வேறு எதுவும் இல்லை.

"அன்னைக்கு நான் பேசினது..." என்று ஆரம்பித்த அப்பா, தொண்டையைக் கனைத்தார். "எனக்குப் பையன் கல்யாணம். வீட்டுக்கு உத்தரம் போடணும். உன்னை விட்டா எனக்கு ஆளில்ல."

ஹுல்கர் தன் ரிப்பன் நுனியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். ரிப்பன் அவிழ்ந்தது.

"எவ்வளவு நீளம்?" என்றார் யோல்சி மாமா கடைசியில்.

"அண்டா அளவு."

"இரு. கத்திய எடுத்துட்டு வரேன்," என்றார். எடுக்க உள்ளே போகவில்லை. இடுப்பில் கை வைத்தார். கத்தி அங்கேயே இருந்தது.

அன்று பிற்பகல் துர்குனின் முற்றத்தில் புதிதாய் ஒரு சத்தம் கேட்டது. வழக்கமாகக் கத்திகள் பலகையில் சரசரவென்று மழை பெய்கிற மாதிரி ஓடும். அன்றைக்கு டக், டக், டக் என்று தச்சுப் பட்டறை மாதிரி இருந்தது. யோல்சி மாமா நடுவில் உட்கார்ந்தார். அவர் வெட்டிய துண்டு ஒவ்வொன்றும் மற்றதன் அண்ணன் தம்பி மாதிரி ஒரே அளவு. ஒரு துண்டை எடுத்து முன்னால் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களும் வெட்டினார்கள். யாராவது பழக்கத்தில் மெல்லிசாக இழுத்தால், அவர் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

"இத வச்சு பொத்தான் தைக்கலாம்," என்பார்.

முற்றம் முழுக்கச் சிரித்தது. அப்பாதான் அதிகம் சிரித்தார். தேநீர் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஹுல்கர் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கும் யோல்சி மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து, கேரட்டின் தலையையும் வாலையும் வெட்டி அவர்களுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவள் விரல்கள் ஆரஞ்சு நிறமாகிவிட்டன. கழுவ மனசு வரவில்லை.

மறுநாள் விடியலில் அண்டா திறந்தபோது ஆவி எழுந்து தெருவை மூடியது. அது கலைய மதியம் ஆயிற்று. அதுவரை எல்லாரும் வாசனையை வைத்துத்தான் வழி கண்டுபிடித்தார்கள். கேரட் ஒரு துண்டுகூடக் கரையவில்லை. தங்கக் கட்டி மாதிரி, தேன் மாதிரி, சோற்றுக்கு நடுவே அப்படியே இருந்தன. ஹைதராலி கரண்டியில் ஒன்றை எடுத்துச் சுவைத்துவிட்டு, இப்படித்தான் செய்ய வேண்டும் என்று தான் எப்போதும் சொல்லிவந்ததாகச் சொன்னார். பல்லே இல்லாத யோல்சி மாமா தட்டு தட்டாகச் சாப்பிட்டார்.

யாருடைய பல்லிலும் மண் கடிபடவில்லை.

அப்பா தன் தட்டிலிருந்து தடிமனான ஒரு துண்டை எடுத்தார். இரண்டு விரலில் பிடித்து, வீட்டு உத்தரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒரு தட்டு தட்டினார். ஹுல்கரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"தாங்கும்," என்றார்.

அதற்குப் பிறகு தோல்சோரில் எத்தனையோ கல்யாணங்கள் நடந்தன. யோல்சி மாமாவுக்குப் பல்வலி வரவே இல்லை. இப்போதும் பருத்தி முடிந்து முதல் குளிர் வரும்போது, அந்தத் தெருவைவிட்டு எங்கெங்கோ போய்விட்டவர்கள்கூட, சமையலறையில் ஒரு கேரட்டைக் கழுவக் கையில் எடுத்தால் கொஞ்சம் நின்றுவிடுகிறார்கள். ஈர மண் வாசனை வருகிறது. எங்கோ டக், டக் என்று கத்திச் சத்தம் கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ, தண்ணி எடுக்காதீங்க என்று குரல் கொடுக்கிறார்கள்.

ரொட்டி ஆறிவிட்டது. இன்னும் அடிக்கவில்லை. ஒரு சின்ன விவரம் மட்டும் பாக்கி இருக்கிறது. தோல்சோர் தெருவில் அந்த வாய்க்கால் யோல்சி, நோசிர், மஸ்தூரா எல்லார் வீட்டையும் தாண்டி வந்து, கடைசியாகத்தான் ஹுல்கரின் வீட்டுக்குள் நுழையும். அதற்கப்பால் வீடே கிடையாது, வெறும் பருத்திக்காடுதான். அப்படியானால் அன்றைக்குக் கேரட் எதிர்நீச்சல் போட்டுத்தான் போயிருக்க வேண்டும்.